ஸ்லாட்டுக்குள் ஒரு பங்காளிச் சண்டை

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் அறிமுகப்படுத்திய முதல் பிசியைக் கார்டு எதுவும் செருகாமல் இயக்கினால் திரையில் ஓர் எழுத்துகூட வராது. திரைக்கென்று ஒரு கார்டு வேண்டும். பிளாப்பி டிரைவுக்கு இன்னொன்று. மதர்போர்டில் இருந்ததோ ஐந்தே ஸ்லாட்டுகள். அந்த இரண்டும் போக மீந்த மூன்றுக்குக் கூடுதல் மெமரி, சீரியல் போர்ட், மோடம் எனப் பல கார்டுகள் வரிசையில் நின்றன. 1983இல் வந்த எக்ஸ்டி மாடலில் ஐபிஎம் ஸ்லாட்டுகளை எட்டாக்கியது. அத்தனையும் அடங்க வேண்டுமே என்று, ஸ்லாட்டுகளுக்கு இடையே ஒரு அங்குலமாக இருந்த தூரத்தை 0.8 அங்குலமாகக் குறுக்கியது. இன்று கடையில் விற்கும் கேபினெட்டின் பின்புறத்தை அளந்து பார்த்தாலும் அதே 0.8 அங்குலம்தான்.

புதுக் கார்டு போட்டு வேலை செய்யவில்லை என்றால் முதல் சந்தேகம் கார்டின் மேல்தான் விழுகிறது. கார்டே பழுதாக இருப்பதும் உண்டு. ஆனால் எந்தக் கார்டும் கணினிக்குள் தனிக்குடித்தனம் நடத்துவதில்லை. பிராசசரின் கவனம், தகவல் போகும் பாதை, மின்சாரம், இடம், காற்று என எல்லாவற்றையும் பக்கத்துப் பாகங்களோடு பங்கு போட்டுத்தான் அது இயங்க வேண்டும். எந்தக் காலத்தில் எந்தப் பங்கு தட்டுப்பாடோ, அந்தக் காலத்தின் கோளாறுகள் பெரும்பாலும் அங்கேயே முளைத்திருக்கின்றன. கார்டுகளின் நாற்பது ஆண்டு வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால், கோளாறை எங்கே தேடுவது என்பதும் சேர்ந்தே விளங்கும்.

எண்ணுக்கு அடிதடி

ஐபிஎம் தன் பிசியின் மின்சுற்றுப் படங்களையும் பயாஸ் நிரலையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே விற்றது. அதனால் எவரும் கார்டு தயாரிக்கலாம் என்றாயிற்று. 1982இல் ஹெர்குலிஸ் கிராபிக்ஸ் கார்டு, 1987இல் கனடாவின் ஆட்லிப், 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் என்று சந்தை களைகட்டியது. இந்திய மொழிகளும் முதலில் ஸ்லாட் வழியாகவே பிசிக்குள் நுழைந்தன. கான்பூர் ஐஐடியில் தொடங்கி, புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ தொழில்நுட்பம் ஒரு கார்டாகவே கிடைத்தது. தமிழ் உள்ளிட்ட எழுத்துகளைத் திரையில் வரையும் பொறுப்பைக் கார்டு ஏற்றுக்கொண்டதால், டாஸில் ஓடிய ஆங்கில மென்பொருள்களை மாற்றாமலே அவற்றில் தமிழ் தட்ட முடிந்தது.

கார்டு செய்ய எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்ற சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. எந்தக் கார்டு எந்த எண்ணை எடுத்துக்கொள்வது என்று பஞ்சாயத்து பண்ணவும் எவரும் இல்லை.

கார்டுக்குத் தகவல் வந்து சேர்ந்ததும், “கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கவனி” என்று பிராசசரைக் கூப்பிட ஒரு லைன் வேண்டும். அதற்குப் பெயர் ஐஆர்க்யூ. முதல் பிசியில் இதைக் கையாண்ட 8259 சிப்பில் எட்டு லைன்கள். டைமரும் கீபோர்டும் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டன. 1984இன் ஏடி மாடலில் இன்னொரு 8259 சேர்ந்து, பயன்படுத்தக்கூடியவை பதினைந்தாயின. அதுவும் போதவில்லை. காம்1, காம்3 ஆகிய இரண்டு சீரியல் போர்ட்டுகளுக்கும் ஐஆர்க்யூ 4தான் வழக்கம். மவுஸ் காம்1இலும் மோடம் கார்டு காம்3இலும் இருந்தால், இணைப்பில் இருக்கும்போது மவுஸை அசைத்ததும் லைன் அறுந்துபோகும். அல்லது மவுஸ் அம்பு நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். தனித்தனியாகச் சோதித்தால் மோடத்திலும் குறை இல்லை, மவுஸிலும் குறை இல்லை.

ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர் ஐஆர்க்யூ 7இல் அமர்ந்து வந்தது. பிரிண்டர் போர்ட்டுக்கும் அதே 7. கார்டில் எண்ணைத் தேர்ந்தெடுக்க உதவும் ‘ஜம்பர்’ என்ற குட்டிச் செருகியைப் பிடுங்கி 5க்கு மாற்றிச் செருகிவிட்டு, ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ‘செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1’ என்று ஒரு வரி எழுத வேண்டும். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று அதற்குப் பொருள். டாஸ் விளையாட்டுகள் அந்த வரியைப் படித்துத்தான் சத்தம் கொடுத்தன. அதில் ஓர் எண் தவறினாலும் விளையாட்டு ஊமையாகிவிடும், அல்லது பாதியில் நின்றுவிடும்.

இதற்கு மருந்து 1987லேயே கிடைத்திருந்தது. ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளில் வந்த மைக்ரோ சேனல் கார்டுகளுக்கு ஜம்பரே கிடையாது. எந்தக் கார்டுக்கு எந்த எண் என்பதை மென்பொருள் பிரித்துக் கொடுத்தது. ஆனால் அந்த ஸ்லாட்டைப் பயன்படுத்த உரிமத் தொகை கட்ட வேண்டும் என்றது ஐபிஎம். காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் 1988இல் கூடி, பழைய கார்டுகளையும் ஏற்கும் ஈசா என்ற மாற்று ஸ்லாட்டை அறிவித்தன. இரண்டு ஸ்லாட்டுகளுமே வீட்டுக் கணினிகளில் பரவவில்லை. பயன்பாட்டாளர்கள் மேலும் பல ஆண்டுகள் ஜம்பரோடு மல்லுக்கட்டினார்கள்.

லேன் கணக்கு

1992இல் இன்டெல் வெளியிட்ட பிசிஐ என்ற ஸ்லாட் முறை அந்த அடிதடியை ஓயவைத்தது. ஒவ்வொரு பிசிஐ கார்டிலும் அதன் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் பதிந்திருக்கும். கணினி விழித்தெழும்போது ஸ்லாட் ஸ்லாட்டாகப் போய் அவற்றைப் படித்து, முகவரியையும் ஐஆர்க்யூவையும் தானே ஒதுக்கும். இன்டெல்லுக்கு உரிய தயாரிப்பாளர் எண் 8086. அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற பிராசசரின் பெயரேதான். 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 இந்த வசதியை ‘பிளக் அண்ட் பிளே’ என்று விளம்பரப்படுத்தியது. பழைய ஜம்பர் கார்டுகளும் புதுக் கார்டுகளும் கலந்து கிடந்த அந்த நாட்களில் இதைச் ‘செருகிவிட்டுச் சாமி கும்பிடு’ என்ற பொருளில் ‘பிளக் அண்ட் பிரே’ என்று கேலி செய்தவர்களும் உண்டு.

எண்ணுக்கான சண்டை ஓய, பாதைக்கான சண்டை தொடங்கியது. வழக்கமான பிசிஐயின் பொதுப் பாதையான பஸ்ஸில் நொடிக்கு 133 மெகாபைட். அதுவும் எல்லா ஸ்லாட்டுகளுக்கும் சேர்த்து. ஒரு ஜிகாபிட் லான் கார்டு முழு வேகத்தில் ஓடினால் ஒரு திசைக்கே நொடிக்கு 125 மெகாபைட் கேட்கும். பக்கத்து ஸ்லாட்டில் இருக்கும் டிவி டியூனர் கார்டுக்கு எதுவும் மிஞ்சாது. கிராபிக்ஸை மட்டும் தனிக்குடித்தனம் அனுப்ப 1997 வாக்கில் ஏஜிபி ஸ்லாட் வந்தது. பஸ்ஸைப் பகிரும் முறையையே கைவிட்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் 2003இல் வந்தது. இதில் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ‘லேன்’ எனப்படும் சொந்தப் பாதைகள். முதல் தலைமுறையில் ஒரு லேனுக்கு, ஒரு திசையில், நொடிக்கு 250 மெகாபைட். 2019இல் வரையறுக்கப்பட்ட ஐந்தாம் தலைமுறையில் ஏறத்தாழ 4 ஜிகாபைட். ஐஆர்க்யூ பஞ்சமும் தீர்ந்தது. எம்எஸ்ஐ-எக்ஸ் முறையில் ஒரே கார்டு, பிராசசரைக் கூப்பிடும் இன்டரப்ட்களை 2,048 வரை வைத்துக்கொள்ளலாம்.

லேன்களின் எண்ணிக்கைதான் இப்போதைய தட்டுப்பாடு. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் அமரும் ரைசன் 7000 பிராசசர்களில் மொத்தம் 28 லேன்கள்; சிப்செட்டுக்கு நான்கு போக மீதி 24. கிராபிக்ஸ் ஸ்லாட் 16 லேன்களை எடுத்துக்கொண்டால் கையில் எட்டு. மதர்போர்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஸ்லாட்டுகள், சாட்டா, பெரும்பாலான யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் சிப்செட்டின் வழியாக, அந்த நான்கு லேன்களில் முண்டியடித்துத்தான் பிராசசரை எட்டுகின்றன.

இதனால் பார்வைக்கு ஒன்றும் உள்ளுக்குள் வேறொன்றுமாக இருக்கும் ஸ்லாட்டுகள் பெருகிவிட்டன. பல மதர்போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட் எக்ஸ்16 போலத் தெரியும். உள்ளே கம்பி இழுத்திருப்பது நான்கு லேன்களுக்கு மட்டுமே. சில போர்டுகளில் ஓர் எம்.2 எஸ்எஸ்டியைச் செருகினால் இரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துபோகும். கார்டு தயாரிப்பாளர்களும் சிக்கனம் பிடிக்கிறார்கள். 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் 4 ஜிகாபைட் மெமரியும் நான்கே லேன்களும். நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் அது சமாளிக்கும். அதையே மூன்றாம் தலைமுறை போர்டில் போட்டால் பாதை பாதியாகிவிடும். மெமரி நிரம்பி வழியும் விளையாட்டுகளில் வேகம் கண்முன்னே சரியும். மலிவுக் கார்டை வாங்கிப் பழைய கணினிக்கு உயிர்கொடுக்க நினைத்தவர்கள்தான் இதில் அதிகம் அடிபட்டார்கள்.

63.5 வாட்டிலிருந்து 450 வாட்டுக்கு

முதல் பிசியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் மொத்தமே 63.5 வாட் கொடுத்தது. 2022இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற ஒற்றைக் கார்டு 450 வாட் கேட்கிறது. எக்ஸ்16 ஸ்லாட் வழியாகக் கிராபிக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச வரம்பு 75 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி கேபிள்: ஆறு பின் கேபிளுக்கு 75 வாட், எட்டு பின் கேபிளுக்கு 150 வாட்.

இந்தக் கணக்கு இம்மி பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 480 நல்ல உதாரணம். கார்டின் தேவை 150 வாட்; ஸ்லாட்டிலிருந்து 75, ஆறு பின் கேபிளிலிருந்து 75 என்று கணக்கு நூல் பிடித்தாற்போல் இருந்தது. சோதித்துப் பார்த்த விமர்சகர்கள், கார்டு ஸ்லாட்டிலிருந்து வரம்பை மீறி இழுப்பதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே ஏஎம்டி புது டிரைவர் வெளியிட்டு, சுமையின் ஒரு பகுதியைக் கேபிள் பக்கம் தள்ளியது. மின்சாரக் கோளாறுக்கு மென்பொருளில் வைத்தியம் பார்த்த அபூர்வ நிகழ்ச்சி அது.

ஆர்டிஎக்ஸ் 4090இன் கதை இன்னும் சூடானது. 600 வாட் வரை தாங்கும் பதினாறு பின் கனெக்டர் சிலருடைய கணினிகளில் உருகிப்போனதாக 2022 அக்டோபரில் படங்கள் வெளிவந்தன. உலகம் முழுவதும் ஏறத்தாழ ஐம்பது புகார்கள் தன் கவனத்துக்கு வந்ததாகவும், கனெக்டரை முழுவதும் அழுத்திச் செருகாததே பொதுவான காரணமாகத் தெரிவதாகவும் நவம்பரில் என்விடியா கூறியது. செருகுவது அவ்வளவு கடினமாக இருந்தால் அது வடிவமைப்பின் குறைதானே என்ற எதிர்வாதமும் எழுந்தது. 2023இல் திருத்தப்பட்ட கனெக்டரில், இணைப்பை உணரும் சிறு பின்களைக் குட்டையாக்கினார்கள். முழுக்க உள்ளே போகாவிட்டால் அந்தப் பின்கள் தொடாது; தொடாவிட்டால் கார்டு முழு மின்சாரம் கேட்காது.

பொருத்தும் கை

கார்டு பொருத்துவது திருப்புளியும் பொறுமையும் கேட்கும் வேலை. கணினியை ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சை அணைத்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும். அடுத்து, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும். நிலைமின் அதிர்ச்சியை விரல் உணர்வதற்கே சுமார் 3,000 வோல்ட் தேவை. சிப்பைக் கெடுக்க அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். கெட்டது கைக்குத் தெரியாது. கார்டை ஓரங்களில் பிடிப்பதும், தங்க முலாம் பூசிய தொடுமுனைகளில் விரல் படாமல் பார்ப்பதும் இதனால்தான்.

பின்புறத் தகட்டைக் கழற்றிவிட்டு, கார்டின் பிராக்கெட் நாக்கு மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது தட்டினால் கார்டு எவ்வளவு அழுத்தியும் உட்காராது. இரண்டு முனைகளிலும் சமமாக அழுத்தினால் ஸ்லாட்டின் கொக்கி ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். கவனம் தேவைப்படும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வளைந்த மலிவுக் கேபினெட்டுகளில் பிராக்கெட் திருகை இறுக்க இறுக்க, கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து நூலளவு மேலெழும்பும். செருகும்போது சரியாக இருந்த கார்டு, திருகை முடுக்கியதும் காணாமல் போவது இதனால்தான். திருகு முழுதாக இறுகிய பின் குனிந்து, தொடுமுனைகளின் விளிம்பு ஸ்லாட்டின் மேற்பரப்புக்கு இணையாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் பாதிக் கோளாறு அங்கேயே தீரும்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் இன்னும் இரண்டு வேலைகள். மின்கேபிளைக் கொக்கி பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். மானிட்டர் கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் விட்டுவைக்காமல் கார்டின் போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். ‘புதுக் கார்டு போட்டும் டிஸ்ப்ளே வரவில்லை’ என்று சர்வீஸ் கடைக்கு வரும் கணினிகளில் பலவற்றுக்கு இந்த ஒரு கேபிள்தான் சிகிச்சை.

எங்கே தடுக்கிறது?

கோளாறு தேடும்போது, கணினி எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது. மின்விசிறியே சுற்றாவிட்டால் மின்சாரமும் ஷார்ட்டும் முதல் சந்தேகம். கார்டை எடுத்ததும் கணினி உயிர்பெற்றால் தேட வேண்டிய வட்டம் சுருங்கிவிடுகிறது. மின்விசிறி சுற்றியும் திரை கறுப்பாக இருந்தால் பீப் ஒலியைக் கேட்கலாம். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறு ஒலிகளும் வந்தால் டிஸ்ப்ளே கார்டில் தகராறு என்று பொருள்; முதல் பிசி காலத்து ஐபிஎம் வழக்கம் இது, அவார்டு பயாஸும் இதையே பின்பற்றியது.

தொடுமுனையை ரப்பர் போட்டுத் தேய்த்துச் செருகுவது நம் ஊர் சர்வீஸ் கடைகளின் முதல் சிகிச்சை. பல நேரம் பலிக்கவும் செய்கிறது. காலப்போக்கில் படியும் அழுக்குப் படலத்தை அது எடுத்துவிடும்; எடுத்துச் செருகியதாலேயே தொடர்பு சரியாவதும் உண்டு. ஆனால் ரப்பர் தங்க முலாமையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும்; அதன் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தொல்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணி அதே வேலையைச் சேதமின்றிச் செய்யும்.

கார்டு நன்றாக அமர்ந்தும் திரை வராததற்குப் புதிய கணினிகளில் இன்னொரு காரணம் உண்டு. பழைய கார்டுகள் பலவற்றின் பயாஸில், இன்றைய யூஇஎஃப்ஐ முறையில் திரையை எழுப்பும் பகுதி கிடையாது. மதர்போர்டில் சிஎஸ்எம் என்ற பழைய முறைக்கான வழி அடைக்கப்பட்டிருந்தால், அந்தக் கார்டு நன்றாக இருந்தும் பேச்சுமூச்சு இருக்காது. கார்டை நீட்டுக் கேபிளில் தொங்கவிடுபவர்களுக்கு வேறொரு சிக்கல். கேபிள் மூன்றாம் தலைமுறை, ஸ்லாட்டும் கார்டும் நான்காம் தலைமுறை என்றால், அவை இரண்டும் கேபிளைக் கேட்காமலே உச்ச வேகத்துக்கு ஒப்பந்தம் போட்டுத் தடுமாறும். பயாஸில் ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் சரியாகிவிடும்.

விண்டோஸ்வரை வந்துவிட்டால் டிவைஸ் மேனேஜரின் எண்கள் பேசும். கோட் 28 என்றால் டிரைவர் இல்லை. கோட் 12 என்றால் கார்டு கேட்கும் வளங்கள் போதவில்லை. கோட் 43 என்றால் சாதனமே தன் கோளாறை அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. இது டிரைவராகவும் இருக்கலாம், செத்துக்கொண்டிருக்கும் கார்டாகவும் இருக்கலாம். பெயர் தெரியாத கார்டு என்றால் அதன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் அங்கேயே எடுத்துத் தேடினால் டிரைவர் கிடைக்கும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளை இதே வேலையைச் செய்வதோடு, எத்தனை லேன் இணைந்திருக்கிறது, எந்த வேகத்தில் என்பதையும் காட்டும். சும்மா இருக்கும்போது வேகம் 2.5 என்று தெரிந்தால் பதற வேண்டாம். மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு தானே இறங்கியிருக்கும். வேலை கொடுத்த பிறகும் 16 லேன் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றோ நான்கோ இருந்தால்தான் கார்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

புதுக் கார்டு வந்து பழையதைக் கெடுக்கும் கோளாறுகள்தான் ஆளை அலைக்கழிப்பவை. லினக்ஸ் சர்வரில் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகியதும் நெட்வொர்க் நின்றுபோகும். லான் கார்டுக்கும் கேபிளுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. புதுக் கார்டு நுழைந்ததில் பஸ் எண்கள் ஒரு படி தள்ளிப்போய், ‘என்பி3எஸ்0’ என்று இருந்த லான் கார்டின் பெயர் ‘என்பி4எஸ்0’ என்று மாறியிருக்கும்; அமைப்புக் கோப்பு பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். பளு ஏறும்போது மட்டும் கணினி அணைகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸையும் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். இவை எதிலும் பிடிபடாதபோது மிஞ்சுவது மாற்றிப் போடும் சோதனை: சந்தேகக் கார்டு நல்ல கணினியில், நல்ல கார்டு சந்தேக ஸ்லாட்டில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் விடை நம்பத்தக்கது.

ஸ்லாட் இனி

சவுண்ட், லான், வைஃபை, சீரியல் என்று முன்பு கார்டில் வந்தவை எல்லாம் மதர்போர்டுக்குள் கரைந்துவிட்டன. ஸ்லாட்டில் மிஞ்சியிருப்பவை கிராபிக்ஸ் கார்டு, 10 ஜிகாபிட் லான் கார்டு, வீடியோ கேப்சர் கார்டு போன்ற பெருந்தீனிக்காரர்கள். வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவு மாடல்களை ஓட்ட இரண்டு கிராபிக்ஸ் கார்டு போடுபவர்களால், எட்டு எட்டாக லேன் பிரியும் போர்டுகளுக்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது.

ஆப்பிளின் போக்கு இதற்கு நேர்மாறு. 1977இன் ஆப்பிள் 2க்கு இரண்டு ஸ்லாட் போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ்; எட்டுக்குக் குறைய ஒப்பவில்லை வோஸ்னியாக். எட்டு வென்றது. 1984இன் முதல் மேகின்டோஷில் ஒன்றுகூட இல்லை. 2023இன் மேக் ப்ரோவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள் ஏழு இருந்தும் அவற்றில் கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யாது. பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே மெமரியைப் பகிரும் அந்தச் சிப்பின் அமைப்பில், சொந்த மெமரியோடு வெளியிலிருந்து வரும் கார்டுக்கு ஆப்பிள் இடம் வைக்கவில்லை.

பிசி வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் வாங்குமுன் மூன்று இடங்களில் எண் பார்க்கும் வேலை இருக்கிறது. மதர்போர்டு கையேட்டில் எந்த ஸ்லாட்டுக்கு எத்தனை லேன், எம்.2 நிரம்பினால் எது அணையும் என்ற அட்டவணை. எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட் பகுதிக்கு எழுதியிருக்கும் ஆம்பியரும், அதிலிருந்து வரும் கேபிள்களின் எண்ணிக்கையும். கேபினெட்டின் விவரக்குறிப்பில் கார்டுக்கான நீளம். ஆர்டிஎக்ஸ் 4090இல் என்விடியாவின் சொந்த மாடலுக்கே 304 மில்லிமீட்டர் வேண்டும், முன்பக்கத்தில் ரேடியேட்டர் மாட்டியிருந்தால் அதன் தடிமனையும் கழித்துக்கொள்ள வேண்டும்.